கப்பலின் பின்புறத்தில் எழுதப்பட்ட ஊர்

கொழும்புத் துறைமுகத்துக்கு வரும் சரக்குக் கப்பலின் பின்புறத்தை அவதானித்திருக்கிறீர்களா? கப்பலின் பெயருக்குக் கீழே ஓர் ஊரின் பெயர் இருக்கும். பனாமா, மொன்ரோவியா, மஜுரோ என்பவற்றை அடிக்கடி காணலாம். அது கப்பல் பதிவு செய்யப்பட்ட துறைமுகத்தின் பெயராகும்.

நடுக்கடலில் ஒரு கப்பலுக்குப் பொறுப்பு, அதன் கொடிக்குரிய நாடே. கப்பலுக்கும் அந்நாட்டுக்கும் உண்மையான தொடர்பு இருக்க வேண்டும் என 1982ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் கடற்சட்ட சமவாயம் கூறுகிறது. ஆயினும் பனாமா, லைபீரியா, மார்ஷல் தீவுகள் போன்ற நாடுகள் வெளிநாட்டவரின் கப்பல்களையும் கட்டணம் பெற்றுப் பதிவு செய்கின்றன. வரி குறைவு, எந்த நாட்டவரையும் வேலைக்கு அமர்த்தலாம். இதனை 'வசதிக்கொடி' என்பர். உரிமையாளர் ஒரு நாட்டில், கொடி இன்னொரு நாட்டுடையது, பணியாளர் வேறொரு நாட்டவர். சம்பளம் நின்றுவிட்டால் யாரிடம் போய்க் கேட்பது?

இதற்காகவே சர்வதேச தொழிலாளர் தாபனம் 2006இல் கடல்சார் தொழிலாளர் சமவாயத்தை நிறைவேற்றியது. அது 2013 ஓகஸ்ட் 20 முதல் நடைமுறைக்கு வந்தது. எழுத்துமூல ஒப்பந்தம், நாளொன்றுக்குக் குறைந்தது 10 மணி நேர ஓய்வு, ஒப்பந்தம் முடிந்ததும் தன் செலவின்றி வீடு திரும்பும் உரிமை என்பன அதில் உள்ளன. 2017 ஜனவரி முதல், பணியாளர் கைவிடப்பட்டால் உணவு, பயணச் செலவு, நான்கு மாதம் வரையான நிலுவைச் சம்பளம் ஆகியவற்றுக்குக் காப்புறுதியும் கட்டாயமாக்கப்பட்டது. இலங்கையும் இச்சமவாயத்தை ஏற்றுள்ளது.

ஆனால் சட்டம் தாளில் இருந்தால் மட்டும் போதாது. பஹ்ரைன் கொடியுடைய 'அமான்' என்ற கப்பல், சான்றிதழ்கள் காலாவதியானதால் 2017 ஜூலையில் எகிப்தில் தடுத்து வைக்கப்பட்டது. அதிலிருந்த சிரிய அதிகாரி ஒருவரை நீதிமன்றம் கப்பலின் பொறுப்பாளராக்கியது. அதனால் அவரால் நாட்டைவிட்டு வெளியேற முடியவில்லை. மற்றவர்கள் சென்றுவிட்டனர். மின்சாரமற்ற கப்பலில் தனியாக இருந்த அவர், உணவு வாங்கவும் தொலைபேசிக்கு மின்னேற்றவும் கரைக்கு நீந்திச் சென்றார். தாயின் மரணச் செய்தியையும் அங்கிருந்தே கேட்டார். 2021 ஏப்ரலில்தான் வீடு திரும்பினார். 'அமான்' என்றால் பாதுகாப்பு!

பிள்ளையைக் கப்பல் வேலைக்கு அனுப்பும் பெற்றோரே, வேலை பெற்றுத் தருவதற்காக முகவர் பணியாளரிடம் கட்டணம் அறவிடுவதை இச்சமவாயம் தடுக்கிறது. ஒப்பந்தப் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். காப்புறுதி உண்டா என விசாரியுங்கள். கப்பலின் பின்புறத்தில் எந்த ஊர் எழுதப்பட்டுள்ளது என்பதையும், கையொப்பமிட முன்னரே கேளுங்கள்.