உலகில் இருப்பது எது என்று கேட்பவர்களுக்கு

குவாண்டம் கணக்குகள் கைவந்தபின், ‘சரி, இவையெல்லாம் எதைப் பற்றிய கணக்குகள்?’ என்று கேட்கத் தொடங்கும் பிள்ளைகளுக்கு இவற்றைச் சொல்லிவைக்கிறேன்.

1. முதலில் சோதனையின் தகட்டைப் பாருங்கள், சமன்பாட்டைப் பிறகு பார்க்கலாம். 1922இல் பிராங்க்பர்ட்டில் ஷ்டெர்னும் கெர்லாகும் வெள்ளி அணுக்களைச் சீரற்ற காந்தப் புலத்தின் வழியே செலுத்தினார்கள். கண்ணாடித் தகட்டில் வெள்ளி இரண்டு கோடுகளாகப் பிரிந்து படிந்தது. நடுவே ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளி. தற்சுழற்சியை அளந்த சோதனை என்று இன்றைய பாடநூல்கள் சொல்கின்றன. தகட்டில் இருந்ததோ இங்கே கொஞ்சம் வெள்ளி, அங்கே கொஞ்சம் வெள்ளி. எந்த அளவீட்டை எடுத்தாலும், கடைசியில் ஏதோ ஒன்று எங்கே இருக்கிறது என்பதில் வந்துதான் நிற்கிறோம். ஜான் பெல் வலியுறுத்தியதும் இதைத்தான்.

2. தத்துவ அறிஞர் எஸ்ஃபெல்டும் கணிதவியலாளர் டெக்கர்ட்டும் 2017இல் வெளியிட்ட நூலைத் தேடிப் படியுங்கள். பருப்பொருள் புள்ளிகள், அவற்றுக்கிடையேயான தூரங்கள், அத்தூரங்களின் மாற்றம்: இவை போதும் என்கிறார்கள். ஒரு புள்ளியை மற்றொன்றிலிருந்து பிரித்துக் காட்டுவதும் தூரமே. நிறை, மின்னூட்டம், அலைச்சார்பு எல்லாம் அந்த மாற்றத்தைச் சுருக்கமாக எழுத உதவுபவை. எதையும் ‘இருக்கிறது’ என்று ஏற்குமுன், அது இல்லாவிட்டால் எந்தச் சோதனை முடிவு விளங்காமல் போகும் என்று கேட்டுப் பழகுங்கள்.

3. வெளியும் காலமும் பொருள்களை வைக்கும் பாத்திரம் என்ற எண்ணம் எளிதில் விடாது. 1715-16இல் லைப்னிஸ், நியூட்டன் தரப்பில் வாதிட்ட கிளார்க்குக்கு எழுதிய கடிதங்களைப் பொறுமையாகப் படியுங்கள். பிரபஞ்சம் முழுவதையும் அப்படியே சற்று நகர்த்தினால் எந்தத் தூரமும் மாறாது. பிறகு எது மாறியது? சுழலும் வாளியில் நீர் குழிவதைக் காட்டும் நியூட்டனின் வாதம் இதற்கு வலுவான மறுப்பு, அதைத் தட்டிக் கழிக்காதீர்கள். ஆனால் தூரங்களை மட்டும் கொண்டே இயக்கவியலை எழுத முடியும் என்று பார்பரும் பெர்ட்டோட்டியும் 1982இல் காட்டிவிட்டார்கள். காலம் அங்கே மாற்றங்களின் வரிசை, அவ்வளவுதான்.

4. துகள்களுக்குத் திட்டமான பாதைகளைத் தரும் டேவிட் போமின் 1952ஆம் ஆண்டுக் கட்டுரைகளைப் படிக்காமல், துகளுக்குப் பாதையே கிடையாது என்று எவரிடமும் வாதிடாதீர்கள்.

5. புள்ளிகளும் தூரங்களும் அவற்றின் மாற்றமும் போதும் என்ற இந்தச் சிக்கனத்துக்கு விலை உண்டு. பெல்லின் 1964ஆம் ஆண்டுத் தேற்றத்துக்குப் பின், வெகுதொலைவிலுள்ள துகள்களின் நகர்வுகளும் ஒன்றையொன்று சார்ந்தவை என்று இக்கொள்கை ஏற்றாக வேண்டும். அதைச் சார்பியலோடு இசைய வைப்பது இன்னும் தீராத வேலை. துகள்கள் தோன்றி மறைவதாகச் சொல்லும் புலக் கோட்பாடும் எதிரே நிற்கிறது. ஆனாலும் இன்று நம்மிடம் உள்ள விடைகளில் இக்கொள்கையே தெளிவானது என்று நம்புகிறேன். தோற்றால் இந்த இரண்டு இடங்களில்தான் தோற்கும். உழைக்க மனமுள்ளவர்கள் அங்கே போய் உழையுங்கள்.