கரகரத்த பியானோ

கோலார் தங்கவயலில் ஒரு தாயும் மகனும் வசிக்கிறார்கள். தாய் மகளிர் குழுவில் கடன் வாங்கினாள். மகனுக்கு டிஜிட்டல் பியானோ வாங்கித் தந்தாள். கல்யாண வீடுகளில் அதை வாசித்து அவன் சம்பாதிக்கிறான். அந்தப் பணத்தில்தான் கடன் தவணையும் கட்டுகிறார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை பியானோ கரகரத்தது. மெதுவாக வாசித்தால் நன்றாகக் கேட்டது. சத்தத்தைக் கூட்டிப் பல கட்டைகளைச் சேர்த்து அழுத்தினால் ஓசை உடைந்தது. ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாணம். முன்பணமும் வாங்கியாயிற்று.

பழுது பார்ப்பவர் வந்து கேட்டார்.

"ஸ்பீக்கர் கிழிந்திருக்கும். மாற்ற 2,500 ரூபாய் ஆகும்" என்றார்.

மகன் முகம் வாடியது. "ஒரு கல்யாணக் கூலியே போய்விடும் அம்மா" என்றான்.

"பதறாதேடா. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்" என்றாள் தாய்.

பியானோ மேல் சில்லறைக் காசுகள் கிடந்தன. அவை அதிர்ந்தாலும் கரகரப்புக் கேட்கும். அவற்றை எடுத்தார்கள். குறை தீரவில்லை.

சத்தத்தை முக்கால் அளவுக்குக் குறைத்தார்கள். அப்போதும் தீரவில்லை.

மகன் ஹெட்போன் மாட்டிக் கேட்டான். ஓசை தெளிவாக இருந்தது. ஆகவே, ஓசையை உண்டாக்கும் பகுதியில் குறை இல்லை. ஸ்பீக்கரில் இருக்கலாம். அல்லது மின்சாரம் போதாமல் இருக்கலாம். ஹெட்போனுக்குக் கொஞ்சம் மின்சாரம் போதும். ஸ்பீக்கருக்கு அதிகம் வேண்டும்.

அடுத்து அடாப்டரைக் கழற்றினார்கள். புதிய பேட்டரிகளைப் போட்டார்கள். இப்போது ஸ்பீக்கர் கணீரென்று பாடியது!

"ஸ்பீக்கர் நல்லாத்தான் இருக்கு. அடாப்டரை எடுடா" என்றாள் தாய்.

பழைய அடாப்டர் போன மாதம் எரிந்துவிட்டது. மகன் சந்தையில் மலிவாக ஒன்று வாங்கியிருந்தான்.

தாய் எழுத்தறிவு மையத்தில் படித்தவள். ஆங்கிலம் தெரியாது. ஆனால் எண்கள் தெரியும். பியானோவின் அடியில் 12, 1.5 என்று இருந்தது. அடாப்டரில் 12, 0.5 என்று இருந்தது.

"இரண்டாவது எண் குறைவாக இருக்கிறதே!" என்றாள்.

அதுதான் காரணம். 12 என்பது வோல்ட். 1.5 என்பது ஆம்பியர். பியானோவுக்கு 1.5 ஆம்பியர் வேண்டும். அடாப்டர் 0.5 தான் தரும். சத்தம் கூடும்போது மின்சாரம் போதவில்லை. அதனால் ஓசை உடைந்தது.

சனிக்கிழமை சரியான அடாப்டர் வாங்கினார்கள். 400 ரூபாய்தான் ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமை கல்யாணத்தில் பியானோ இனிமையாக ஒலித்தது.

தாய் 12, 1.5 என்று பெரிதாக எழுதிப் பியானோவில் ஒட்டி வைத்தாள்.

நினைவில் கொள்ளுங்கள்

1. வோல்ட் எண் ஒன்றாகவே இருக்க வேண்டும்.
2. அடாப்டரின் ஆம்பியர் எண் சமமாகவோ அதிகமாகவோ இருக்கலாம். குறையக் கூடாது.
3. 1000 மில்லி ஆம்பியர் என்பது 1 ஆம்பியர்.
4. கூட்டல், கழித்தல் குறிகளும் பொருந்த வேண்டும். மாறினால் கருவி கெடும்.
5. பேட்டரியிலும் கரகரத்தால் ஸ்பீக்கரைச் சோதிக்க வேண்டும். கருவியை நீங்களே திறக்காதீர்கள்.

விடை சொல்லுங்கள்

1. ஹெட்போனில் ஓசை ஏன் தெளிவாகக் கேட்டது?
2. ஸ்பீக்கர் கெடவில்லை என்று எப்படித் தெரிந்தது?
3. உங்கள் வீட்டில் உள்ள ஓர் அடாப்டரின் எண்களைப் படித்து எழுதுங்கள்.