மூட் கோர்ட்டுக்குப் போறதுக்கு முன்னாடி அக்கா சொல்றதைக் கேளு

லா காலேஜ்ல சேர்ந்தாச்சு, இனிமே 'மூட்'ங்கிற வார்த்தை உன்னை விடாது. முதல்ல உச்சரிப்பு. தமிழ்ல எழுதினா 'மூட் அவுட்'ல வர்ற மூடும் இதுவும் ஒண்ணுபோலத்தான் தெரியும். இதுல கடைசி எழுத்து, 'பட்டு'ல வர்ற மாதிரி அழுத்தமா விழணும். 'மியூட் பாயின்ட்'னு மட்டும் சொல்லிடாதே, அது டிவி ரிமோட்ல இருக்கிறது.

பழைய இங்கிலீஷ்ல இதுக்கு அர்த்தம், கூட்டம். பின்னாடி லண்டன்ல லிங்கன்ஸ் இன், கிரேஸ் இன்ல சட்டம் படிச்சவங்க கற்பனை வழக்கை வெச்சு வாதாடிப் பழகினதுக்கும் அதே பேர். உன் மூட் கோர்ட் அங்கேருந்து வந்ததுதான். பார் கவுன்சில் பாடத்திட்டப்படி மூணு மூட், தலா 10 மார்க். லேசா நினைக்காதே.

படிக்கும்போது, எழுதினவர் எந்த ஊர்க்காரர்னு பாரு. பிரிட்டிஷ் புத்தகத்துல 'மூட் பாயின்ட்'னா இன்னும் முடிவாகாத, ரெண்டு பக்கமும் வாதாட இடமிருக்கிற விஷயம். அமெரிக்கத் தீர்ப்புல வந்தா, இனிமே பேசிப் பிரயோஜனமில்லைன்னு அர்த்தம். அங்கே மார்க்கோ டிஃபுனிஸ்னு ஒருத்தர், வாஷிங்டன் யுனிவர்சிட்டி சட்டப் படிப்புல 1971ல சீட் கிடைக்கலைன்னு கேஸ் போட்டார். கீழ்க் கோர்ட் உத்தரவு வாங்கிச் சேர்ந்துட்டார். 1974ல சுப்ரீம் கோர்ட் முடிவு சொல்றதுக்குள்ள கடைசி டெர்முக்கே வந்துட்டார். தோத்தாலும் படிப்பை முடிச்சிடுவார். அதனால 'மூட்'னு சொல்லிக் கேஸை மூடிட்டாங்க. ஒன்பது நீதிபதிகள்ல நாலு பேர் ஒத்துக்கலை. எனக்கும் அந்த நாலு பேர் பக்கம்தான் நியாயம்னு படுது: அவருக்குச் சீட் கிடைச்சிடுச்சு, அட்மிஷன்ல இனம் பார்த்து முன்னுரிமை தரலாமாங்கிற கேள்விக்குப் பதில் கிடைக்கலையே! 1978ல ஆலன் பாக்கி வழக்குல அதே கேள்வி திரும்பி வந்து நின்னுச்சு.

இப்படிக் கேஸ் பிரயோஜனமில்லாமப் போற நிலைமைக்கு நம்ம கோர்ட்ல அதிகம் புழங்குற வார்த்தை 'இன்ஃப்ரக்சுவஸ்'. டிரான்ஸ்ஃபர் ஆர்டரை எதிர்த்து ரிட் போட்டிருப்பாங்க. விசாரணைக்கு வர்றதுக்குள்ள டிபார்ட்மென்ட்டே ஆர்டரை ரத்து பண்ணிடும். மனு இன்ஃப்ரக்சுவஸ்னு தள்ளுபடி ஆயிடும். மூட்டுக்கு எழுதிக் குடுக்கிற மெமோரியல்ல இந்த அர்த்தம் வேணும்னா இதையே எழுது. வாதத்துக்குரியதுன்னு சொல்லணும்னா 'டிபேட்டபிள்' போதும். 'மூட்'னு எழுதிட்டு, எந்த அர்த்தத்துலன்னு பெஞ்ச் கேட்டா, உனக்குக் குடுத்த நேரத்துல பாதி அதுலயே போயிடும்.

இங்கிலீஷ் பேப்பர்ல வேற மாதிரி. 'மேம்பாலம் மூட்டட்'னு தலைப்பு பார்த்தா, யாரோ யோசனை சொல்லியிருக்காங்க, அவ்வளவுதான். டெண்டருக்கெல்லாம் இன்னும் எவ்வளவோ தூரம் இருக்கு.