எறும்புக்கு வழி சொன்னது யார்?



சர்க்கரை டப்பாவை எங்கே மாற்றி வைத்தாலும் எறும்பு வரிசை கட்டி வந்துவிடுகிறது. "இந்தப் பக்கம் போங்க" என்று அதற்குச் சொல்ல தலைவி கிடையாது. ராணி எறும்பு என்பது பேருக்குத்தான் ராணி; முட்டை இடுவதுதான் அதன் வேலை. அப்படியானால் வழி சொன்னது யார்?

எறும்பு நடக்கும்போது தரையில் ஒரு வாசனைப் பொருளைத் தடவிக்கொண்டே போகும். பின்னால் வருவது வாசனை அதிகமுள்ள பக்கம் திரும்பும். அதுவும் தன் பங்குக்குத் தடவும். கூட்டத்துக்கு வராத உறுப்பினர் பதிவேட்டைப் பார்த்து விஷயம் தெரிந்துகொள்கிற மாதிரிதான் இது.

பெல்ஜியம் நாட்டில் பிரஸ்ஸல்ஸ் நகரப் பல்கலைக்கழகத்தில் டெனுபூர்க் என்பவரும் அவரது கூட்டாளிகளும் இதைச் சோதித்து 1989-ல் வெளியிட்டார்கள். அர்ஜெண்டினா எறும்புகளின் கூட்டுக்கும் தீனிக்கும் நடுவில் இரண்டு பாலம் வைத்தார்கள். ஒன்று குட்டை, மற்றது அதைப்போல இரண்டு மடங்கு நீளம். முதலில் எறும்புகள் இரண்டிலும் போயின. குட்டை வழியில் போனவை சீக்கிரம் திரும்பின. அதனால் அங்கே வாசனை சீக்கிரம் ஏறியது. கொஞ்ச நேரத்தில் பெரும்பாலான எறும்புகள் குட்டை வழிக்கு வந்துவிட்டன. எந்த எறும்பும் பாலத்தை அளந்து பார்க்கவில்லை!

இதையே கம்ப்யூட்டரிலும் செய்து பார்த்தார்கள். கம்ப்யூட்டர் என்றதும் மலைக்க வேண்டாம். நாம் குழுக் கூட்டத்திலேயே செய்யலாம். ஒரு மஞ்சப்பையில் இரண்டு புளியங்கொட்டை போடுங்கள். ஒன்றுக்கு மட்டும் சுண்ணாம்பு தடவுங்கள். கறுப்பு குட்டை வழி, வெள்ளை நீள வழி. பார்க்காமல் ஒன்றை எடுங்கள். கறுப்பு வந்தால் அதைத் திரும்பப் போட்டு இன்னும் இரண்டு கறுப்பு போடுங்கள். வெள்ளை வந்தால் திரும்பப் போட்டு ஒரு வெள்ளை மட்டும். இருபது முப்பது தடவை எடுத்தால் பெரும்பாலும் பை கறுப்பாகிவிடும். கம்ப்யூட்டர் இதைத்தான் ஆயிரக்கணக்கான தடவை, கை வலிக்காமல் செய்கிறது.

இதில் ஒரு சங்கடமும் இருக்கிறது. பிரஸ்ஸல்ஸில் முதலில் நீளப் பாலத்தை மட்டும் வைத்து, அரை மணி நேரம் கழித்து குட்டைப் பாலத்தை வைத்தார்கள். பெரும்பாலான எறும்புகள் பழைய வழியையே பிடித்துக்கொண்டன. அங்கே ஏறியிருந்த வாசனை அவ்வளவு. நம் குழுவிலும் முதல் வருஷம் சாமான் வாங்கின கடையிலேயே பத்து வருஷமாக வாங்குகிறோம் இல்லையா? பக்கத்திலேயே புதுக் கடை வந்திருந்தாலும்!

இத்தாலியில் மிலான் நகரில் மார்க்கோ டோரிகோ என்பவர் 1992-ல் தன் ஆராய்ச்சிப் பட்டத்துக்காக கம்ப்யூட்டர் எறும்புகளை உருவாக்கினார். பல ஊர்களுக்கும் ஒரு தடவை போய்த் திரும்ப, குறைந்த தூர வழியை அவை தேட வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் பழைய வாசனையில் ஒரு பங்கு ஆவியாகும்படி வைத்தார். அதனால் முதலில் அகப்பட்ட வழியிலேயே அவை சிக்கிக்கொள்வது குறைந்தது. லாரிகளுக்கு வழி போடுவதற்கும் இந்த முறை பயன்பட்டது.

பையில் இதையும் பார்க்கலாம். பத்து வெள்ளை, ஒரு கறுப்போடு ஆரம்பியுங்கள். ஐந்து தடவைக்கு ஒருமுறை இரு நிறத்திலும் பாதியை வெளியே எடுத்துவிடுங்கள். கறுப்பில் ஒன்றாவது இருக்கட்டும். பிறகு எதையும் வெளியே எடுக்காமல் ஒரு தடவை ஆடுங்கள். எத்தனையாவது தடவையில் கறுப்பு முந்துகிறது என்று இரண்டையும் பதிவேட்டில் எழுதிப் பாருங்கள்.