கீழ்வாய் நீங்கிய எண்கள்

பழந்தமிழ்க் கணக்கர் முழுவெண்களை மேல்வாயிலக்கம் என்றும், பின்னங்களைக் கீழ்வாயிலக்கம் என்றும் வழங்கினர். காலும் அரையும் முந்திரியும் கீழ்வாயைச் சார்ந்தவை. ஓர் எண்ணில் கீழ்வாயைக் களைந்து மேல்வாயை மட்டும் கொண்டால் மூன்றேமுக்கால் மூன்றாகும். களைந்தது வீணாயிற்று என்றே எவரும் எண்ணுவர். அங்ஙனம் களைந்தவற்றிலும் ஓர் ஒழுங்கு உண்டு என்பதை ஈண்டுக் காண்போம்.

இரண்டின் வர்க்கமூலம் ஏறத்தாழ 1.414. இதனை 1, 2, 3, 4 என வரிசையாகப் பெருக்கினால் 1.414, 2.828, 4.243, 5.657 என்று வளரும். கீழ்வாயைக் களைந்து செல்லச் செல்ல 1, 2, 4, 5, 7, 8, 9, 11, 12, 14 என்னும் எண்கள் கிடைக்கும். இவற்றுள் 3 இல்லை, 6 இல்லை, 10, 13 ஆகியனவும் இல்லை. விடுபட்டவை எங்குச் சென்றன? அம்மூலத்தோடு இரண்டைக் கூட்டுக, 3.414 ஆகும். இதன் மடங்குகளையும் அவ்வாறே களைந்து நோக்கின் 3, 6, 10, 13 என வரும். முதல் வரிசை கைவிட்டவற்றை எல்லாம் இரண்டாம் வரிசை ஏற்றுக்கொண்டது! எத்துணைத் தொலைவு சென்றாலும் ஓர் எண்ணும் விடுபடாது. ஓர் எண்ணும் இருமுறை வாராது.

இவ்வுண்மையை ஆங்கில அறிஞர் இராலே பிரபு, 1894ஆம் ஆண்டில் வெளிவந்த தம் ஒலிநூலின் இரண்டாம் பதிப்பில் குறித்தார். டொராண்டோப் பல்கலைக்கழகத்துச் சாமுவேல் பீட்டி 1926இல் அமெரிக்கக் கணிதத் திங்களிதழ் ஒன்றில் இதனை வினாவாக விடுத்தார். இவ்வரிசைகள் இன்று பெரும்பாலும் பீட்டியின் பெயராலேயே வழங்குகின்றன. முன்னர்க் கண்டவர்க்குப் பெயர் கிட்டாமை கணித உலகிலும் உண்டு போலும்!

இதற்குக் காரணம் யாது? ஒன்றை இவ்விரு எண்களாலும் தனித்தனியே வகுத்து, ஈவுகளைக் கூட்டினால் சரியாக ஒன்றே வரும். ஆகவே, எந்த முழுவெண்ணை வகுத்துக் கூட்டினும் அவ்வெண்ணே மீளும். பத்தை எடுத்துக்கொள்வோம். முன்னதால் வகுக்க 7.071, பின்னதால் வகுக்க 2.929. எனவே பத்துக்குக் கீழே முதல் எண்ணின் மடங்குகள் ஏழு, இரண்டாம் எண்ணின் மடங்குகள் இரண்டு, ஆக ஒன்பது. களைந்த கீழ்வாய்கள் இரண்டும் கூடி ஒன்றாயின. பத்தில் ஒன்று குறைந்தது அதனாலேயே. இவ்வாறே பதினொன்றுக்குக் கீழே பத்து மடங்குகள் உள்ளன. எனவே பத்துக்கும் பதினொன்றுக்கும் இடையே புதிதாகப் புகுவது ஒரே ஒரு மடங்கு. அதன் கீழ்வாயைக் களைந்தால் பத்து. பத்துக்குச் சொன்னது எல்லா எண்ணுக்கும் ஒக்கும்.

ஒன்றரையையும் மூன்றையும் கொண்டால் என்னாகும்? இங்கும் ஈவுகள் கூடி ஒன்றே ஆகின்றன. ஆயினும் ஒன்றரை தருவன 1, 3, 4, 6. மூன்று தருவன 3, 6. மூன்று இருமுறை வந்தது, இரண்டு வரவேயில்லை. ஒன்றரையின் இரண்டாம் மடங்கு முழுவெண்ணாகவே நின்றுவிடுகிறது. களைதற்கு அங்குக் கீழ்வாய் இல்லை. இரண்டின் வர்க்கமூலமோ எத்தனை முழுவெண்ணால் பெருக்கினும் முழுவெண் ஆவதில்லை.

ஐந்தின் வர்க்கமூலத்தோடு ஒன்றைக் கூட்டிப் பாதியாக்கினால் ஏறத்தாழ 1.618 வரும். அதனையும், அதனோடு ஒன்று கூட்டிய எண்ணையும் கொண்டு மாணவர் தாமே இருபது வரை எழுதிப் பார்க்க.