ரோஸ் நிறப் பல்

அன்புள்ள கயல்,

டூல் டிசைன் படிக்க பாலாநகர் போன நீ, ஒருநாள் எனக்குப் பல் எக்ஸ்ரே அனுப்புவாய் என்று நான் நினைத்ததே இல்லை. வலி இல்லை, பல் மட்டும் லேசாக ரோஸ் நிறமாகத் தெரிகிறது என்கிறாய். பள்ளியில் த்ரோபால் விளையாடும்போது அதே முன்பல்லில் அடிபட்டதே, நினைவிருக்கிறதா? அதன் பாக்கிதான் இது என்று நினைக்கிறேன்.

அடிபட்ட பல்லுக்குள் இருக்கும் சதை, சில சமயம் தான் குடியிருக்கும் சுவரையே அரிக்கத் தொடங்கும். சுவர் மெலிந்த இடத்தில் உள்ளே இருக்கும் சிவப்பு வெளியே தெரியும். மம்மரி என்பவர் 1920இல் இதைப் பற்றி எழுதியதால் ‘மம்மரியின் ரோஸ் பல்’ என்றே பெயர். சதைக்கு உயிர் இருக்கும்வரை அரிப்பும் நடக்கும், எடுத்துவிட்டால் நின்றுவிடும். அதனால் ரூட் கேனல் வேண்டுமா என்று கேட்காதே. வேண்டும், அதுவும் சீக்கிரம்.

எக்ஸ்ரேயை நன்றாகப் பார். ஒரே சீராக இறங்கவேண்டிய வேர்க்கால்வாய், எலியை விழுங்கிய பாம்பு போல நடுவில் புடைத்திருக்கிறது. சுழலும் ஃபைல் அந்த வயிற்றின் மூலைகளைத் தொடாது. ஹைப்போகுளோரைட் விட்டு அல்ட்ராசானிக்கில் அதிர வைத்து, கால்சியம் ஹைட்ராக்சைடு வைத்துச் சில நாள் மூடித்தான் சுத்தமாக்க வேண்டும்.

நிரப்புவதில்தான் சிக்கல். வழக்கமாக கட்டா பெர்ச்சா குச்சிகளைச் சூடாக்காமல் பக்கத்தில் பக்கத்தில் நெருக்கிச் செருகுவோம். (மலேயா மரத்துப் பால் அது, ஒரு காலத்தில் கடலடித் தந்திக் கம்பிக்கு உறையே அதுதான்.) நேரான கால்வாய்க்கு இது போதும், பல வருடம் நானும் இதைத்தான் செய்தேன். புடைத்த இடத்திலோ குச்சிகளுக்கு நடுவே வெற்றிடம் நின்றுவிடும். 1967இல் பாஸ்டனின் ஷில்டர், சூடாக்கி மேலிருந்து அழுத்தும் முறையை விளக்கினார். பிறகு வந்தது துப்பாக்கி போன்ற கருவி. கட்டா பெர்ச்சாவை 160 முதல் 200 டிகிரி சூட்டில் இளக்கி ஊசி வழியே உள்ளே தள்ளும். 1968இல் தொடங்கிய உங்கள் டூல் டிசைன் நிறுவனமான சி.ஐ.டி.டி.யின் பாஷையில், இன்ஜக்‌ஷன் மோல்டிங்!

பிடுங்கிய பற்களில் செயற்கையாகக் குழி செய்து கோல்ட்பெர்க் குழு 2000இல் நிரப்பும் முறைகள் பலவற்றை ஒப்பிட்டபோது, இந்தத் துப்பாக்கி முறை முன்னே நின்றது. ஆனால் இளக்கிய கட்டா பெர்ச்சா ஆறும்போது சுருங்கும். மோல்டிங்கில் ஹோல்டிங் பிரஷர் போதாத பீஸில் பள்ளம் விழுவதை நீ பார்த்திருப்பாய். அதனால் ஆறும்வரை பிளக்கர் என்ற கருவியால் அழுத்திப் பிடிக்க வேண்டும். வேர்நுனியைத் தாண்டி வழியவும் கூடும் என்பதால், கீழ் நாலைந்து மில்லிமீட்டரைக் குச்சியால் அடைத்துவிட்டுத்தான் மேலே செலுத்துவேன்.

சுவரில் ஓட்டை விழுந்திருந்தால் கதையே வேறு. இளகியது எலும்புப் பக்கம் ஓடிவிடும். அங்கே எம்.டி.ஏ. வைப்போம். லோமா லிண்டாவில் தோராபினஜாத் 1990களில் கொண்டுவந்தது; போர்ட்லண்ட் சிமென்ட் ஜாதி, ஈரத்திலும் இறுகும். பல்லைக் கறுக்கவும் வைக்கலாம். முன்பல் ஆயிற்றே, அதனால் சொல்கிறேன்.

ஓட்டை இருக்கிறதா என்று சாதாரண எக்ஸ்ரேயை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. அங்கே பார்க்கும் டாக்டரிடம் எப்படி நிரப்புவீர்கள் என்று கேட்பதற்கு முன், சி.பி.சி.டி. என்ற முப்பரிமாண ஸ்கேன் வேண்டும் என்று கேள். எடுத்ததும் எனக்கு அனுப்பு. செமஸ்டர் முடியட்டும் என்று மட்டும் தள்ளிப் போடாதே.

அன்புடன்,
அத்தை