இளைஞரின் மூளையும் போதைப் பழக்கமும்

ரப்பர் மரத்தின் சுற்றளவு 50 சென்டிமீட்டர் ஆகும் வரையில் அருமனைப் பகுதியில் அனுபவமுள்ள விவசாயி அதில் கத்தி வைப்பதில்லை. நட்டபின் ஏறத்தாழ 7 ஆண்டுகள் பொறுத்திருக்கிறார். முந்தி வெட்டினால் சில நாள் பால் கிடைக்கும், மரமோ குன்றிப்போகும். இக்கணக்கை அறிந்த நாம், பிள்ளைகள் விஷயத்தில் அதே பொறுமையைக் காட்டுகிறோமா?

அண்மையில் ஊராட்சிக் கூட்டமொன்றில், புகையிலையும் மதுவும் பழகிய மாணவன் ஒருவனைப் பற்றிப் பேச்செழுந்தது. "அப்பனைப் போலப் பிள்ளை" என்று சொல்லி அதை முடித்துவிட்டனர். அச்சொல்லில் பாதி உண்மை உண்டு. மீதிப் பாதியே நமக்கு வேண்டியது.

மனித மூளை முழுவதும் ஒரே காலத்தில் முதிர்வதில்லை. இன்பத்தை நாடத் தூண்டும் பகுதிகள் பதின்வயதிலேயே வேகம் கொள்கின்றன. விளைவை எண்ணி 'வேண்டாம்' என்று தடுக்கும் ஆற்றல் நெற்றிக்குப் பின்னுள்ள பகுதியைச் சார்ந்தது. அது முதிர ஏறத்தாழ 25 வயது ஆகிறது. காளை வளர்ந்துவிட்டது, மூக்கணாங்கயிறு இன்னும் திரித்து முடியவில்லை எனலாம். மதுவும் கஞ்சாவும் புகையிலையும் மூளையில் டோபமின் என்னும் பொருளை மிகுவித்து, 'மீண்டும் வேண்டும்' என்ற பாடத்தைப் பதிக்கின்றன. எதையும் விரைந்து கற்கும் வயதில் இப்பாடமும் ஆழப் பதிகிறது.

ஆபத்து எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே அளவினதன்று. மதுவுக்கு அடிமையானோர் மிகுந்த குடும்பங்களைச் சேர்ந்த, தாம் மதுவையே தொட்டறியாத ஆண்மக்களின் மூளையைப் பெங்களூர் நிம்ஹான்ஸ் ஆய்வாளர்கள் படமெடுத்து ஆராய்ந்து 2007-இல் முடிவை வெளியிட்டனர். மூளையின் சில பகுதிகள் மற்றவர்களுடையதைவிடச் சிறுத்திருந்தன. அக்குறைவு மிகுந்தவர்களிடம் துடுக்கும் அடங்காமையும் மிகுந்திருந்தன. சிறிய ஆய்வுதான், எனினும் குடிக்கு முன்பே சில பிள்ளைகளிடம் இந்நிலை இருக்கக்கூடும் என்பதை அது காட்டுகிறது.

ஆயினும் இது தலையெழுத்தன்று. அமெரிக்காவில் 1997-இல் வெளியான ஓர் ஆய்வில், 14 வயதிலோ அதற்கு முன்போ குடிக்கத் தொடங்கியோருள் 40 சதவீதத்திற்கு மேற்பட்டோர் பின்னாளில் அடிமையாயினர். 20 வயதுக்குமேல் தொடங்கியோருள் ஏறத்தாழ 10 சதவீதத்தினரே. குடும்ப இயல்பும் இவ்வேறுபாட்டில் ஓரளவு கலந்திருக்கலாம். இருந்தும், பரம்பரையை மாற்ற இயலாத நமக்குத் தொடங்கும் வயதைத் தள்ளிப்போடுவது இயலும்.

பள்ளியிலிருந்து 100 கஜத்திற்குள்ளும், 18 வயதுக்குட்பட்டோருக்கும் புகையிலைப் பொருள் விற்பதை 2003-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. மது விற்பனைக்கு நம் மாநிலத்தில் 21 வயது எல்லை. ஊராட்சி உறுப்பினர்கள் ஒரு கயிற்றை எடுத்துச் சென்று அந்த 100 கஜத்தை அளந்துவிடலாம். பீடி வாங்கி வரச் சிறுவனைக் கடைக்கு அனுப்பும் வழக்கமே இதைவிடக் கடினமானது; அது நம் வீட்டுத் திண்ணையிலிருந்து நடப்பதாயிற்றே.

ஓரிடத்தில் உட்கார மாட்டாத, எண்ணாமல் பாயும் பிள்ளையை அடித்துத் திருத்த முயல்வது வீண். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவரிடம் காட்டலாம். போதை மீட்பு ஆலோசனைக்கு 14446 என்ற கட்டணமில்லா எண் உண்டு.

மேற்சொன்ன மாணவனைப் பற்றி அடுத்த கூட்டத்தில் மீண்டும் பேச இருக்கிறோம். தந்தையையும் அழைத்திருக்கிறோம்.